கரும்புப் பணத்துக்கு 14 நாள் கெடு

அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்தான் கண்ணுக்குத் தெரியும். கரும்பைப் பார்ப்பது பொங்கல் சந்தையில். ஆனால் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கே, திருவாலங்காட்டில், திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அந்தப் பக்கம் நிலமும் இந்தப் பக்கம் வேலையுமாக உள்ள குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

விலை

மத்திய அரசின் நியாயமான, ஆதாய விலை 2025-26 பருவத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். இது 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்துக்கு, அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை அளவுக்கு. கட்டுமானம் 9.5-க்குக் கீழே போனாலும் 3,290 ரூபாய் 50 காசுக்குக் குறையக் கூடாது. கணக்கில் வருவது உங்கள் வண்டிக் கரும்பு அல்ல, ஆலையின் சராசரி. 2024-25-ல் இந்தக் கீழ்வரம்பு 3,151 ரூபாய்; அதோடு 349 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 3,500 ஆக்கியது தமிழக அரசு. ஊக்கத்தொகை அரசு மனம்வைத்தால் வருவது. மத்திய அரசின் விலை சட்டப்படி வரவேண்டியது.

கெடு

1966-ம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு ஒப்படைத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. ஒரு லட்சம் பாக்கி என்றால் மாதம் 1,250 ரூபாய். ஆனால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் வேறு கெடுவுக்குச் சம்மதித்திருந்தால் இந்த 14 நாள் செல்லாது. ஆலையின் கரும்புப் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடும்முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

எங்கே சறுக்கும்?

ஆலை தரும் வெட்டு உத்தரவு தாமதமானால் கரும்பு வயலிலேயே காய்ந்து எடை இழக்கும். வெட்டியது வண்டியில் காத்துக்கிடந்தால் சர்க்கரையும் குறையும். ஆலைக்கும் நெருக்கடி உண்டு: கரும்பு வரத்துக் குறைந்தால் அரவை நாள் சுருங்கும், சம்பளச் செலவு சுருங்காது. சக்கையில் மின்சாரம், கழிவுப்பாகில் எத்தனால் என்று வேறு வருமானம் தேடும் ஆலைகளே தாக்குப்பிடிக்கின்றன. விவசாயி தன் பங்குக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறலாம். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது.

முறையிட

முதலில் ஆலைக்கு எழுத்தில் மனு கொடுத்து, பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள். அடுத்து ஆட்சியர் அலுவலக விவசாயிகள் குறைதீர் கூட்டம். பிறகு சென்னை சர்க்கரைத் துறை ஆணையரகம். பாக்கியை நில வருவாய் பாக்கிபோல வசூலிக்கக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் வழி உண்டு.

இதற்கெல்லாம் முக்கிய ஆதாரம் எடைமேடைச் சீட்டுதான். வண்டி ஆலைக்குள் போன தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, சீட்டைப் பட்டாவோடு வையுங்கள்.