டேப்லெட்டில் இடம் இல்லையா? வயல் படங்களை அழிக்காதீர்கள்!

வாழை இலையில் புள்ளி தெரிகிறது. படம் எடுத்து ஆலோசனை கேட்கலாம் என்று டேப்லெட்டைத் திறந்தால் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வருகிறது. திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதி விவசாயிகள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். அவசரத்தில் பலரும் முதலில் அழிப்பது பழைய வயல் படங்களைத்தான். ஆனால், கடைசி வரை வைத்திருக்க வேண்டியவை அவைதான்.

வயல் படங்கள் ஏன் முக்கியம்?

வாழை வாடல் நோயை உண்டாக்கும் பூசணம் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் எந்த மூலையில் இலை மஞ்சளாகி மடிந்து தொங்கியது, தண்டு வெடித்தது என்பதைப் பழைய படம் காட்டிவிடும். அந்த இடத்திலிருந்து விதைக்கன்று எடுக்காமல் இருக்கலாம். ரஸ்தாளி போன்ற, இந்நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகங்களை அங்கே தவிர்க்கலாம். பட்டா, சிட்டா, காப்பீட்டு ரசீது படங்களும் இதேபோல் பத்திரமாக இருக்க வேண்டியவை.

இடத்தை அடைப்பது எது?

பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் வாழ்த்துப் படங்களும் வீடியோக்களும்தான். இந்தியர்கள் அனுப்பும் ‘குட் மார்னிங்’ படங்களால் செல்போன்கள் நிரம்புவதை 2018 ஜனவரியில் அமெரிக்காவின் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ் செய்தியாகவே வெளியிட்டது. தேவையற்றதை நீக்க உதவும் ‘ஃபைல்ஸ் கோ’ செயலியை கூகுள் 2017 டிசம்பரில் வெளியிட்டது. இப்போது அதன் பெயர் ‘ஃபைல்ஸ்’.

நம் கேமராவில் எடுக்கும் ஒரு படம் சுமார் 3 முதல் 4 எம்.பி. இருக்கும். ஒரு நிமிட வீடியோ 100 எம்.பி.யைத் தாண்டக்கூடும். எனவே வீடியோக்களிலிருந்து தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

1. முதலில் பிரதி எடுங்கள். வயல் படங்களையும் ஆவணங்களையும் மெமரி கார்டு, பென் டிரைவ் அல்லது கணினிக்கு மாற்றி, அங்கே திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். கூகுள் கணக்கில் 15 ஜி.பி. வரை கட்டணம் இல்லை. மின்னஞ்சலும் அந்த அளவுக்குள்தான் சேரும்.

2. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போங்கள். 5 எம்.பி.க்கு மேற்பட்டவையும் பலமுறை பகிரப்பட்டவையும் தனித்தனியாகத் தெரியும். பார்த்து நீக்குங்கள்.

3. அதே பகுதியில் ‘மீடியா ஆட்டோ டவுன்லோட்’ வசதியை நிறுத்துங்கள். இனி நீங்கள் தொடும் படம் மட்டுமே இறங்கும். இதைச் செய்யாவிட்டால் ஒரு மாதத்தில் மறுபடியும் நிரம்பிவிடும். களையைப் பிடுங்கினால் போதாது, விதை விழாமலும் பார்க்க வேண்டும்.

4. ஆறு மாதமாகத் திறக்காத விளையாட்டு, சினிமா செயலிகளை நீக்குங்கள். உழவன் செயலி போன்றவற்றை விட்டுவையுங்கள்.

5. கேலரியில் ‘டிராஷ்’ பகுதியையும் பாருங்கள். அழித்த படங்கள் சில வாரங்கள் அங்கேயே இடம் பிடித்திருக்கும். தவறி அழித்த வயல் படம் இருந்தால் மீட்டுக்கொண்டு, பிறகு காலி செய்யுங்கள்.

செய்யக் கூடாதவை

- செயலியின் அமைப்பில் ‘கிளியர் கேச்’ அழுத்தலாம், ஆபத்தில்லை. ‘கிளியர் டேட்டா’வை அழுத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் அழுத்தினால் பேக்கப் எடுக்காத உரையாடல்கள் போய்விடும். மற்ற செயலிகளில் மறுபடி பதிவு செய்ய நேரிடலாம்.

- கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை ‘டெலிட்’ செய்தால், கணக்கிலிருந்தும் அது நீங்கிவிடும். டேப்லெட்டில் மட்டும் இடம் வேண்டும் என்றால் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

- ‘உங்கள் டேப்லெட்டைச் சுத்தம் செய்கிறோம்’ என்று விளம்பரத்தில் வரும் செயலிகளை இறக்காதீர்கள்.

இனிமேல் எடுக்கும் படங்கள்

‘ரஸ்தாளி - மேற்கு வயல் - 2025’ என்பதுபோல் வயலுக்கு ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரச்சினைக்கு மூன்று படம் போதும்: முழு மரம், பாதித்த பகுதி கிட்டத்தில், சுற்றியுள்ள வயல். ஆலோசனைக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் படத்தின் தெளிவு குறையாது.

சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கோ போகும்போது டேப்லெட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய படமும் புதிய படமும் கையில் இருந்தால், நோய் எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் பரவுகிறது என்பதைச் சொல்வது எங்களுக்கும் எளிது.