அக்குளில் ஒரு காவல்காரன்!

மதிலழகுக்குப் பெயர் பெற்ற ஊர் விரிஞ்சிபுரம். வேலூருக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில், பாலாற்றங்கரையில், உயர்ந்த மதில் சூழ நிற்கிறது மார்க்கபந்தீசுவரர் கோயில்.

மனித உடலுக்கும் இப்படிக் காவல் உண்டு. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அங்கே வீங்குவது நிணநீர் முடிச்சு. அக்குளிலும் இத்தகைய முடிச்சுகள் இருக்கின்றன. மார்பில் தோன்றும் புற்று பரவத் தொடங்கினால், பெரும்பாலும் முதலில் அங்கேதான் போய்த் தங்கும்.

ஆகவே டாக்டர்கள் அக்குளைச் சோதிக்கிறார்கள். முடிச்சுகளில் புற்று இல்லையென்றால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். புற்றேறிய முடிச்சுகளின் எண்ணிக்கை கூடக்கூட வாய்ப்பு குறையும். சிகிச்சையும் அதற்கேற்ப மாறும்.

கை வீக்கம் ஏன்?

முன்பெல்லாம் அக்குள் முடிச்சுகளை ஒட்டுமொத்தமாக எடுத்துவிடுவார்கள். அதனால் பலருக்குக் கை வீங்கியது. குடம் தூக்கவும் மாவாட்டவும் முடியாமல் தவித்தார்கள்.

1990-களில் புது முறை வந்தது. மார்பில் நீலச் சாயமோ, கதிரியக்க மருந்தோ செலுத்துவார்கள். அது முதலில் போய்ச் சேரும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அவை சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொடுவதில்லை.

அவற்றில் ஒன்றிரண்டில் புற்று இருந்தால்? அமெரிக்காவில் 891 பெண்களிடம் இதை ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் ஆரம்ப நிலை நோய். கட்டியை மட்டும் எடுத்து, மார்புக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை. பத்தாண்டு முடிவு 2017-ல் வெளியாயிற்று. மற்ற முடிச்சுகளையும் எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 84 பேரும், எடுக்காதவர்களில் சுமார் 86 பேரும் உயிரோடு இருந்தார்கள். இத்தகைய நோயாளிகளுக்கு, அதிகம் வெட்டுவதால் ஆயுள் கூடவில்லை!

வெட்கம் வேண்டாம்

இந்தச் சலுகையெல்லாம் சீக்கிரம் வருபவர்களுக்கே. நம் தாய்மார்களோ, "வலிக்கவில்லையே" என்று கட்டியை மறைத்து விடுகிறார்கள். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதுதான் ஆபத்து!

ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அவர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் டாக்டர் பார்க்க அவர்கள் வீட்டார் சம்மதிக்கவில்லை. அந்த வேதனையால் அவரே டாக்டரானார். 1900-ல் வேலூரில் மருத்துவப் பணி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி கண்டார். அதுவே இன்றைய கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி.

இன்று பெண் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. விரிஞ்சிபுரத்திலிருந்து வேலூருக்குப் பஸ்ஸும் உண்டு. மார்பிலோ, அக்குளிலோ கட்டி தென்பட்டால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட வேண்டியதுதான்.