ஆணியும் மரையும் – 9: ஹபிளின் 111 ஸ்க்ரூக்கள்

ஸ்டார் ஸ்க்ரூவின் தலையை விட்டு பிட் ஏன் ஏறி வெளியே வருகிறது என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் பிட்டின் வேகம். கிளட்ச் வளையத்தையும் சேர்த்தே முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வேகத்தைப் பற்றிப் படிக்கப்போன இடத்தில் ஒரு விண்வெளிக் கதை கிடைத்தது. அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

ஹபிள் தொலைநோக்கியில் ஸ்டிஸ் என்றொரு நிறமாலைமானி இருக்கிறது. 2004 ஆகஸ்டில் அதன் மின்வழங்கி பழுதாகி, கருவி நின்றுபோனது. உள்ளே இருக்கும் ஒரு சர்க்யூட் பலகையை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் பலகைக்கு மேலே ஒரு மூடித் தகடு, அதைப் பிடித்திருந்தவை 111 குட்டி ஸ்க்ரூக்கள். வானத்தில் வைத்து இதை யாரும் கழற்றப்போவதில்லை என்ற நினைப்பில் பூமியிலேயே முடுக்கி அனுப்பியவை அவை.

விண்வெளி வீரர்களிடம் ஏற்கெனவே துப்பாக்கிப் பிடி வைத்த ஒரு பேட்டரி கருவி இருந்தது. அது நிமிடத்துக்கு 5 முதல் 60 சுற்று வரை சுற்றும். பெரிய போல்ட்டுகளுக்கு அது போதும், முறுக்கு விசையும் ஏராளம். 111 குட்டி ஸ்க்ரூக்களை அந்த வேகத்தில் கழற்றிக்கொண்டிருந்தால் விண்வெளி நடைக்கான நேரம் அதிலேயே கரைந்துவிடும். அதனால் நாசாவின் காடர்டு மையப் பொறியாளர்கள் இந்த வேலைக்காகவே சிறிய கருவி ஒன்றைச் செய்தார்கள். முறுக்கு குறைவு, வேகம் நிமிடத்துக்கு 210 சுற்று. நம் வீட்டு பேட்டரி டிரில்லில் ட்ரிக்கரை லேசாகத் தொட்டாலே வந்துவிடும் வேகம் இது. அங்கே அதுதான் அதிவேகம்!

கழன்ற ஸ்க்ரூ ஒன்றுகூட மிதந்து தொலைநோக்கிக்குள் போய்விடக் கூடாது. அதற்காக மூடியின் மேல் இன்னொரு தகட்டைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் நேராக அதில் ஒரு துளை. பிட் நுழையும், ஸ்க்ரூவின் தலை வெளியே வராது. கழன்றதெல்லாம் அந்தத் தகட்டுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். இந்த வாரம் முழுக்க நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்தத் தகட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

2009 மே 17 அன்று மைக் மாசிமினோவும் மைக்கேல் குட்டும் வெளியே இறங்கினார்கள். 111 ஸ்க்ரூக்களிடம் போவதற்கு முன்பே தடங்கல். வழியை மறைத்த கைப்பிடிக் கம்பியின் நான்கு போல்ட்டுகளில் ஒன்றின் தலை மழுங்கிவிட்டது. பிட் சுற்றுகிறது, போல்ட் அசையவில்லை. பூமியில் அதே மாதிரிக் கம்பியை இழுத்துச் சோதித்துப் பார்த்த பிறகு, கையாலேயே உடைத்தெடுக்கச் சொன்னார்கள். மாசிமினோ உடைத்தார். பிறகு சிறிய கருவியை இயக்கினால் பேட்டரி இல்லை. திரும்பிப் போய் வேறு பேட்டரி எடுத்துவந்து 111 ஸ்க்ரூக்களையும் கழற்றினார். அன்றைய நடை 8 மணி 2 நிமிடம் நீண்டது. ஸ்டிஸ் மறுபடி வேலை செய்யத் தொடங்கியது.

பெரிய கருவியில் வேகம், முறுக்கு, எத்தனை சுற்று என்ற மூன்றையும் முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். காற்றடைத்த தடித்த கையுறைக்குள் விரலுக்கு உணர்ச்சி மட்டு. ஸ்க்ரூ இறுகுவதை விரல் சொல்லாதபோது, எண்தான் சொல்ல வேண்டும். பூமியில் நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆள்காட்டி விரலே நம்முடைய வேகக் கட்டுப்பாடு.

பிளாக் அண்ட் டெக்கர் 1917-இல் காப்புரிமை பெற்ற டிரில்லில் துப்பாக்கிப் பிடியும் ட்ரிக்கரும் இருந்தன. ஆனால் அந்த ட்ரிக்கர் வெறும் சுவிட்ச்தான். அழுத்தினால் முழு வேகம், விட்டால் நிற்கும். 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் உருவாக்கிய எஸ்.சி.ஆர். என்ற சிலிக்கான் சாதனம்தான் நிலைமையை மாற்றியது. மின்சார அலை ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் கரண்டை உள்ளே விடுவது என்பதை அது தீர்மானிக்கும். தாமதமாக விட்டால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். 1960-களில் அது ட்ரிக்கருக்குள் குடியேறியது.

பேட்டரி டிரில்லில் அலை கிடையாது. அங்கே ஒரு டிரான்சிஸ்டர் கரண்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. பிட் அசையாத அளவுக்கு லேசாக அழுத்திப் பாருங்கள், உய்ங் என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். அந்த வெட்டின் சத்தம்தான் அது. ட்ரிக்கரை விட்டதும் பிட் சட்டென்று நிற்பதற்கும் காரணம் உண்டு. மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன. சுற்றிக்கொண்டிருந்த மோட்டார் அந்தக் கணம் ஜெனரேட்டராகி, தன்னைத் தானே பிரேக் போட்டுக்கொள்கிறது.

ஸ்க்ரூ தலையைக் கெடுப்பது பெரும்பாலும் வேகம்தான். உள்ளே மோட்டார் நிமிடத்துக்கு 20,000 சுற்றை ஒட்டிச் சுழல்கிறது. பல்சக்கரங்கள் அதைக் குறைத்து பிட்டுக்குத் தருகின்றன. வேகம் இரு மடங்கானால் சுழல்கிற பாகங்களில் தேங்கும் ஆற்றல் நான்கு மடங்கு. தலை மரத்தில் போய் உட்காரும் நொடியில் அந்த ஆற்றல் மொத்தமும் தலையிலேயே இறங்குகிறது. தலை மழுங்கும், இல்லாவிட்டால் கழுத்து முறியும். அதனால் கடைசி இரண்டு சுற்றுக்கு விரலைத் தளர்த்த வேண்டும். தொடங்கும்போதும் அப்படித்தான்: பிட்டைக் குழியில் நன்றாக அழுத்தி உட்காரவைத்த பிறகே சுற்றவிட வேண்டும்.

மேலே இருக்கும் 1, 2 என்ற கியர் தள்ளியை நிறையப் பேர் தொடுவதே இல்லை. 1-இல் வேகம் சுமார் 400, 500 சுற்று, முறுக்கு அதிகம். 2-இல் 1,500-க்கு மேல். நீளமான ஸ்க்ரூவை 2-இல் வைத்து விரலால் மட்டும் வேகத்தைக் குறைத்து முடுக்கினால், மோட்டாரோடு சேர்ந்து அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றும். சூடு வெளியேறாது. மோட்டார் கருகுவது இப்படித்தான். மோட்டார் சுற்றும்போது மட்டும் கியர் மாற்றாதீர்கள்.

ஜிப்சம் பலகைக்கான ஸ்க்ரூ கன் 4,000 சுற்று வரை போகும். ஆழத்தை அதன் மூக்கு பார்த்துக்கொள்வதால் அந்த வேகம் தகும். இரும்புத் தகட்டைத் தானே துளைக்கும் ஸ்க்ரூவுக்கு 2,500-ஐத் தாண்டினால் முனை கருகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டில் வேகம் வைத்தால் சூட்டில் மரையும் நட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கிளட்ச் வளையத்துக்கு இடம் போதவில்லை, அது அடுத்த வாரம். அதற்குள் உங்கள் டிரில்லை 1-ஆம் கியரில் போட்டு, வேண்டாத பலகை ஒன்றில் நாலைந்து ஸ்க்ரூவை மெதுவாக முடுக்கிப் பாருங்கள். வளையத்தில் எந்த எண் இருந்தபோது டிக் டிக் என்று விட்டுக்கொடுத்தது என்பதைக் குறித்து வையுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.