கொட்டை நீக்காத செர்ரிப் பண்டம்

கிளாஃபூத்தி, பிரான்ஸின் நடுப்பகுதியில் உள்ள லிமூஸான் வட்டாரத்தின் இனிப்புப் பண்டம். வெண்ணெய் தடவிய தட்டில் கருஞ்செர்ரிப் பழங்களை நெருக்கமாகப் பரப்பி, மேலே மாவுக் கரைசலை ஊற்றி அவனில் வேகவைப்பார்கள். ‘நிரப்புதல்’ என்று பொருள்படும் ஆக்ஸிதான் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது இதன் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் இது பிரான்ஸின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது.

மைதா, முட்டை, பால், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இவ்வளவுதான் கரைசல். தோசை மாவைவிடத் தளர்வாக இருக்க வேண்டும். ஈஸ்ட்டும் சோடா மாவும் தேவையில்லை. சூட்டில் ஓரங்கள் உப்பிப் பொன்னிறமாகும்; வெளியே எடுத்ததும் மெல்ல அமுங்கிவிடும். அது பக்குவக் குறைவு அல்ல. முட்டை இறுகுவதால் உட்புறம் கேக்கைப் போலப் பஞ்சாகாமல், கஸ்டர்டைப் போல வழுவழுப்பாக அமைகிறது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே பொடித்த சர்க்கரை தூவிப் பரிமாறுவார்கள்.

லிமூஸான் வழக்கப்படி செர்ரியின் கொட்டையை நீக்குவதில்லை. கொட்டை இருந்தால் பழச்சாறு கரைசலில் அதிகம் கசியாது. பாதாமை நினைவூட்டும் மெல்லிய மணமும் ஏறும். பென்சால்டிஹைடு என்ற பொருளே அந்த மணத்துக்குக் காரணம். ஆனால் கொட்டையைக் கடித்து உடைக்கக் கூடாது. உள்ளிருக்கும் பருப்பிலுள்ள அமிக்டலின் சயனைடை வெளிவிடும். சிறு குழந்தைகளுக்குக் கொட்டை தொண்டையில் சிக்கும் அபாயமும் உண்டு. அவர்களுக்குக் கொட்டை நீக்கியே கொடுக்க வேண்டும். செர்ரிக்குப் பதிலாக ஆப்பிளோ பேரிக்காயோ சேர்த்தால், அதை ஃப்ளோன்யார்த் என்பதே பழைய வழக்கம்.

அரைக் கிலோ செர்ரி, 100 கிராம் மைதா, 3 முட்டை, 300 மில்லி பால், 80 கிராம் சர்க்கரை, 20 கிராம் வெண்ணெய் என்ற அளவில் செய்து ஆறு பங்காக்கினால், ஒரு பங்கில் ஏறத்தாழ 250 கலோரி இருக்கும். முட்டையும் பாலும் சேர்வதால் 7 கிராம் புரதம் கிடைக்கிறது. இனிப்புப் பண்டம் ஒன்றில் இது நல்ல அளவு. செர்ரி தன் பங்குக்குப் பொட்டாசியமும் நார்ச்சத்தும் தருகிறது. அதன் கருஞ்சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் ஓர் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பி.

பங்குக்குச் சேர்க்கும் சர்க்கரை சுமார் 13 கிராம். நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இவ்வகைச் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பழம் நன்கு பழுத்திருந்தால் 80 கிராம் சர்க்கரையை 50 கிராமாகக் குறைத்தாலும் சுவை கெடாது.