மூன்று நாளில் முடியாத மருந்து

'விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு' என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. தடிமனுக்கும் சாதாரண காய்ச்சலுக்கும் அது பொருந்தும். மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தவர் மூன்றாம் நாள் எழுந்து தம் அலுவலைப் பார்க்கப் போய்விடுவார். ஆயினும், இப்பழமொழிக்குக் கட்டுப்படாத மருந்தொன்று இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றிலே, பெரும்பாலும் பிறர் கண்ணிற் படாத ஓர் இடத்தில், இருந்து வருகின்றது. மனச்சோர்வு நோய்க்கென வைத்தியர் எழுதிக் கொடுக்கும் குளிசையே அது. அதன் பலன் மூன்று நாளிலே தோன்றுவதில்லை. தோன்றிய பின்னரும் எண்ணிய மாத்திரத்தில் அதனை நிறுத்திவிட முடியாது. இவ்விரண்டு உண்மைகளையும் நோயாளியும் வீட்டாரும் அறிந்திருப்பாராயின், இம்மருந்தினால் விளையக்கூடிய தீங்குகள் பலவற்றைத் தவிர்த்துவிடலாம்.

இது நித்திரைக் குளிசை அன்று என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். டயசிப்பாம் போன்ற மருந்துகள் உட்கொண்ட சிறிது நேரத்திலேயே அமைதி தரும். நாளடைவில் உடல் அவற்றுக்கு அடிமைப்பட்டுவிடுவதும் உண்டு. மனச்சோர்வு மருந்து அத்தகையதன்று. அதனை உண்பவருக்கு மேலும் மேலும் வேண்டும் என்னும் வேட்கை பிறப்பதில்லை. அவ்வாறே, அது துக்கத்தை மறக்கச் செய்யும் மருந்தும் அன்று. உற்றாரை இழந்தவர் அழுவது இயல்பு, அது நோயாகாது. ஆனால், இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள் முழுவதும் மனம் இருண்டு, உணவும் உறக்கமும் குலைந்து, முன்னர் விரும்பிய எதிலும் பற்றின்றி, 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் எண்ணமே மேலோங்கி நிற்குமாயின், அது வைத்தியர் பார்க்கவேண்டிய நிலையாகும். இலேசான மனச்சோர்வுக்குப் பேச்சுமுறைச் சிகிச்சையே பலருக்குப் போதுமாயிருக்கும். கடுமையானதற்கு மருந்தும் வேண்டியிருக்கும். எது எத்தகையது என்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரேயன்றி, அதே குளிசையாற் சுகமடைந்த அயல்வீட்டார் அல்லர்.

இம்மருந்து தோன்றிய வரலாறு சுவையானது. 1952ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரைச் சேர்ந்த ஸ்ராற்றன் தீவிலுள்ள சீ வியூ வைத்தியசாலையிலே, காசநோயாளருக்கு இப்ரோனியசிட் என்னும் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். படுக்கையிற் சோர்ந்து கிடந்தோர் உற்சாகம் பெற்றுச் சிரித்துப் பேசலாயினர். காசத்துக்குத் தேடிய மருந்து மனத்துக்கும் உதவக்கூடும் என்பது இவ்வாறு தெரியவந்தது. 1957ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து நாட்டு மனநோய் வைத்தியர் றோலண்ட் கூன், இமிப்பிறமீன் என்னும் மருந்து மனச்சோர்வைத் தீர்ப்பதை வெளியிட்டார். 1987ஆம் ஆண்டின் இறுதியில் புளூஒக்செற்றின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று பலரும் உண்ணும் சேர்ட்ரலீனும் அதன் இனத்ததே. முந்திய மருந்துகளிலும் பார்க்க இவ்வினம் பாதுகாப்பானது. ஆயினும் கவனமின்றி உண்ணத்தக்கதன்று.

துன்பம் முந்தும், பலன் பிந்தும்

குளிசை தொடங்கிய முதலிரு வாரங்களில் வயிற்றுக் குமட்டல், தலையிடி, வாய் வறட்சி, படபடப்பு, நித்திரைக் குழப்பம் என்பன தோன்றலாம். பலனோ, இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்தே மெல்லத் தலைகாட்டும். முழுப்பயனும் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். மருந்து மூளையிலுள்ள நரம்புகளிடையே செய்தி கடத்தும் பொருள்களைச் சில மணி நேரத்திலேயே மாற்றத் தொடங்கிவிடுகின்றது. ஆனால் அம்மாற்றத்துக்கு ஏற்ப மூளை தன்னைத் திருத்திக் கொள்ளுவதற்கு வாரக்கணக்கிற் காலம் வேண்டும். துன்பம் முன்னும் பலன் பின்னுமாக வருவதாலேயே, 'இக்குளிசை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று பத்தாம் நாள் அதனை எறிந்துவிடுவோர் பலர். ஒத்துக்கொள்ளாத தொல்லைகளுட் பல தாமாகவே தணிந்துவிடும். தணியாதவற்றுக்கு அளவைக் குறைக்கவோ, உண்ணும் வேளையை மாற்றவோ, வேறு மருந்து தரவோ வைத்தியரால் இயலும். இல்லற இன்பத்தில் நாட்டங் குறைதலும் இம்மருந்தினால் வரக்கூடிய தொல்லைகளுள் ஒன்று. அதனை வெளியிற் சொல்ல வெட்கி இரகசியமாகக் குளிசையை நிறுத்திவிடுவதிலும், வைத்தியரிடம் தனியே சொல்லி வழி கேட்பதே மேல்.

இவ்வாரங்களிற் கவனிக்கவேண்டிய பெரிய அபாயம் வேறொன்று உண்டு. மனத்தின் இருள் நீங்குமுன்னரே உடலில் உற்சாகம் திரும்பிவிடலாம். சிலருக்குப் பொறுக்கமுடியாத அமைதியின்மை உண்டாகலாம். உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் அவ்வேளையில் வலுப்பெறக்கூடும். இளம் வயதினரிடம் இது மிகுதியாகக் காணப்பட்டமையால், 2004ஆம் ஆண்டிலே சிறுவர்க்கும் பதின்ம வயதினர்க்கும், 2007ஆம் ஆண்டிலே 24 வயது வரையுள்ள இளைஞர்க்கும் பொருந்தும் கடும் எச்சரிக்கையொன்றை இம்மருந்துகளுடன் அச்சிடுமாறு அமெரிக்க அதிகாரிகள் பணித்தனர். மருந்தே கூடாது என்பதன்று அதன் கருத்து. முதல் வாரங்களில் அண்மையிலிருந்து கவனிக்க ஆள் வேண்டும் என்பதே.

சுகம் வந்த பின்

இரண்டு மாதங் கழித்து நோயாளி சிரிக்கிறார்; சமைக்கிறார்; கோயிலுக்குப் போய் வருகிறார். 'இனி எதற்கு மருந்து?' என்று வீட்டில் ஒருவர் கேட்கிறார். அக்கேள்வி அன்பினால் எழுவதேயாயினும், தீங்கு அங்கேதான் தொடங்குகின்றது. முதன்முறை நோயுற்றவர், சுகம் வந்த பின்னரும் குறைந்தது ஆறு மாதங்களாவது அதே அளவில் மருந்தைத் தொடர்தல் வேண்டும் என்பது வைத்தியர்களின் பொதுவிதி. மீண்டும் மீண்டும் நோய் வந்தவர்க்கு அது இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகலாம். இடையில் விட்டால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு மிகுதி.

நிறுத்தும் காலம் வந்தபோதும் படிப்படியாகவே இறங்குதல் வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, குமட்டல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்ச்சி என்பன சில நாட்களுள் தோன்றக்கூடும். பறொக்செற்றின், வென்லபக்சின் என்பன உடலைவிட்டு விரைவில் நீங்குவன. ஆதலால் இத்தொல்லை அவற்றில் அதிகம். புளூஒக்செற்றின் பல நாள் உடலில் தங்குவதால் அதிற் குறைவு. வாரங்களாக, சிலருக்கு மாதங்களாக, அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை. எவ்வளவு, எப்போது குறைப்பது என்பதை வைத்தியர் வகுத்துத் தருவார்.

அறிந்து நிறுத்துவோரைவிட அறியாமல் நிறுத்துவோரும் உளர். கிளினிக் நாளுக்கு முன்னரே குளிசை தீர்ந்துபோதல், வெளியூர்க் கலியாணத்துக்குப் போகையில் அதனை மறந்து வைத்தல், விரத காலத்தில் உணவோடு மருந்தையும் விடுதல் என்பன நம் வீடுகளில் நாம் காண்பவை. கந்தசஷ்டியாயினும் றமழானாயினும், நோன்பு தொடங்குமுன்னரே வைத்தியரிடம் சொன்னால் உண்ணும் வேளையை மாற்றித் தருவார். ஒரு நாள் மறந்துவிட்டதற்காக மறுநாள் இரண்டு வேளைக் குளிசையை ஒன்றாக உண்ணுதல் கூடாது.

உடன் சேரக் கூடாதவை

மனச்சோர்வு மருந்தின் அபாயங்கள் பல, அது தனித்திருக்கும்போதன்றி வேறொன்றோடு சேரும்போதே தோன்றுகின்றன. 1960களின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் மருந்தாளர் ஒருவர், முந்திய வகை மருந்தொன்றை உண்டு வந்த தம் மனைவிக்குச் சீஸ் எனப்படும் பாற்கட்டியை உண்ட பின்னர்க் கடுந்தலையிடி வந்ததைக் கவனித்து, அத்தகைய தலையிடிகளை ஆராய்ந்து கொண்டிருந்த பரி பிளாக்வெல் என்னும் வைத்தியருக்கு எழுதினார். பாற்கட்டியிலுள்ள ஒரு பொருள், அம்மருந்தோடு கூடி இரத்த அழுத்தத்தை அபாயகரமாக உயர்த்துவதை அவ்வைத்தியர் 1963இல் வெளியிட்டார். ஆராய்ச்சியாளர் தேடிய விடைக்கு, வீட்டில் உடனிருந்த ஒருவரின் கண்ணே வழிகாட்டியது.

1984ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே, அதே வகையைச் சேர்ந்த பினெல்சீன் உண்டு வந்த 18 வயது மாணவி ஒருத்தி, காய்ச்சலும் நடுக்கமுமாக வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டாள். அங்கே அவளுக்குப் பெதிடீன் ஊசி ஏற்றப்பட்டது. சில மணி நேரத்துள் காய்ச்சல் உச்சமடைந்து அவள் இறந்தாள். அவ்விரு மருந்துகளும் சேர்ந்தமையே காரணம் என வைத்தியர் பலர் கருதுவர். அம்மரணத்தை ஒட்டி எழுந்த விசாரணை, அந்நகரில் இளம் வைத்தியர்களின் இடையறாத வேலை நேரத்தைக் குறைக்க வழிவகுத்தது.

இப்பழைய வகை இன்று அரிதாகவே கொடுக்கப்படுகின்றது. அதற்கும் சேர்ட்ரலீன் போன்றவற்றுக்கும் இடையில் 14 நாட்களேனும் இடைவெளி வேண்டும். புளூஒக்செற்றினை விட்டு அதற்கு மாறுவதாயின் ஐந்து வாரங்கள் வேண்டும். புதிய வகையிலும் சேர்க்கைப் பகை உண்டு. நோவுக்குத் தரும் ட்ரமடோல், டெக்ஸ்ட்ரோமெதோர்பன் கலந்த இருமற் பாணி, லினெசோலிட் என்னும் கிருமிகொல்லி, வெளிநாட்டு உறவினர் 'மூலிகைதானே' என்று அனுப்பும் சென்ற் ஜோன்ஸ் வோட் என்பன இவற்றோடு சேர்ந்தால் வியர்வை, நடுக்கம், காய்ச்சல், உடல் விறைப்பு, மனக்குழப்பம் என்னும் கொடிய நிலையை உண்டாக்கக்கூடும். அஸ்பிரின், ஐபுபுரோபன், வார்பரின் என்பவற்றோடு சேரின் இரத்தம் கசிதல் கூடும். ஆகவே, பல் பிடுங்கப் போனாலும், டெங்குக் காய்ச்சலுக்குப் போனாலும், சித்த ஆயுர்வேத வைத்தியரிடம் போனாலும், உண்ணும் குளிசையின் பெயரைச் சொல்லத் தவறுதல் கூடாது. மதுபானம் இம்மருந்துக்கும் பகை, நோய்க்கும் பகை.

பெயர் என்னும்போது, குளிசைக்கு இரண்டு பெயர் உண்டென்பதை அறிதல் வேண்டும். ஒன்று மருந்தின் மூலப்பெயர். மற்றது கொம்பனி இட்ட வியாபாரப் பெயர். மருந்துகளை மூலப்பெயரால் வழங்கவேண்டும் என்று பாடுபட்டவர் இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியரான சேனக பிபிலே. 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியதும் அவர் முயற்சியினாலேயே. சேர்ட்ரலீனை ஒரு கடையில் ஒரு பெயரிலும், இலண்டனிலிருந்து வந்த பொதியில் இன்னொரு பெயரிலும் பெற்று, இரண்டையும் வெவ்வேறு மருந்தென எண்ணி உண்ணும் தவறு நேராதிருக்க, மூலப்பெயரைக் கிளினிக் கொப்பியில் எழுதி வைத்தல் நலம்.

சிறப்பான கவனம் வேண்டியோர்

முதியோரிடம் இம்மருந்து உடலின் உப்புச்சத்தைக் குறைத்து மயக்கமும் குழப்பமும் தரலாம். அமிற்றிப்டிலீன் போன்ற பழைய குளிசைகள் மலச்சிக்கல், சிறுநீர்த்தடை, எழும்போது தலைச்சுற்றி விழுதல் என்பவற்றை உண்டாக்கலாம். தூக்கக் கலக்கமும் தருவனவாதலின், வாகனம் ஓட்டுவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். இவை அளவு மீறினால் இருதயத்தைத் தாக்கும். சிறு குழந்தைக்குச் சில குளிசைகளே எமனாகலாம். கருவுற்ற பெண் பயந்து திடீரென மருந்தை நிறுத்துதலும் ஆகாது. வைத்தியரைக் கேளாது தொடர்தலும் ஆகாது. முன்னொரு காலத்தில் காரணமின்றி அளவுகடந்த உற்சாகம், உறக்கமின்மை, கண்டபடி செலவு என்பன இருந்திருப்பின் அதனை மறையாது சொல்லுதல் வேண்டும். அத்தகையோரை இம்மருந்து தனியே கொடுத்தால் மீண்டும் அந்நிலைக்குத் தள்ளக்கூடும்.

வீட்டாரின் பங்கு

குளிசைகளை வீட்டிலுள்ள பொறுப்பான ஒருவர் பூட்டி வைத்து, நாளுக்குரியதை மட்டும் எடுத்துக் கொடுத்தல் நன்று. நோயாளியின் மனத்தில் இறப்பு எண்ணம் இருந்த வீட்டில் இது இன்றியமையாதது. 'சாக நினைக்கிறாயா?' என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் தவறு. அன்போடு கேட்பது பாரத்தை இறக்கி வைக்க இடங் கொடுக்கும். அவ்வெண்ணம் உண்டென்று அறிந்தால் தனியே விடாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். அவசர வேளையில் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும்.

அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் இச்சிகிச்சை இலவசமாகவே கிடைக்கின்றது. அதற்குப் போகத் தடையாயிருப்பது பெரும்பாலும் பணமன்று. 'ஊர் என்ன சொல்லும்' என்னும் அச்சமே. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆண்டுக்கணக்கில் குளிசை உண்பவரைக் கண்டு ஊர் ஒன்றும் சொல்வதில்லை. மனத்தின் நோய்க்கு மருந்து உண்பவரையும் அவ்வாறே கண்டு, 'இன்னும் எத்தனை நாளைக்கு?' என்று கேட்பதை விடுத்து, 'இன்றைக்குக் குளிசை எடுத்தாயிற்றா?' என்று கேட்க நாம் பழகுதல் வேண்டும். விருந்தை மூன்று நாளில் அனுப்பி வைப்போம். இம்மருந்தை வைத்தியர் சொல்லும் நாளில், அவர் சொல்லும் முறையிலேயே வழியனுப்புவோம்.