சதுரகிரி ஓடைகளும் மூத்த அடியார்களின் காலணியும்

திருக்காளத்தியில் இறைவனைக் கண்ட கண்ணப்ப நாயனார், சிவலிங்கத் திருமேனியின் மீதிருந்த மலர்களைச் செருப்பணிந்த காலாலேயே விலக்கினார் என்கிறது பெரியபுராணம். பூசை முறை அறியாத அந்த வேடரின் அன்பை இறைவன் உவந்து ஏற்றருளினார். அதனைக் காட்டிச் சந்நிதிக்குள் காலணியோடு செல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும், மலையிலேயே வளர்ந்த அவரும் காட்டில் செருப்பணிந்தே நடந்தார் என்பது மலைத்தலங்களுக்குச் செல்லும் அன்பர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது.

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி மலைப்பாதை தொடங்குகிறது. சுந்தர மகாலிங்கத்தையும் சந்தன மகாலிங்கத்தையும் தரிசிக்கச் செல்வோர் வழியில் பாறைகளையும் ஓடைகளையும் கடந்தாக வேண்டும். வழுக்குப் பாறை என்று ஓரிடத்துக்கு முன்னோர் இட்ட பெயரே போதுமான எச்சரிக்கை. இளைஞர் வழுக்கி விழுந்தால் எழுந்து நடந்துவிடுவர். அறுபதைக் கடந்தவருக்கு அதே வீழ்ச்சி இடுப்பெலும்பை முறித்துப் படுக்கையில் கிடத்திவிடக் கூடும்.

ஈரப் பாறை வழுக்குவது ஏன்? பாறைமேல் மெல்லிய பாசி படர்கிறது. அதன்மேல் நீர் நிற்கிறது. காலணியின் அடிப்பகுதி கெட்டியாகவும் மழமழவென்றும் இருந்தால், பாறையைத் தொடாமல் அந்த நீர்ப்படலத்தின் மீதே சறுக்குகிறது. மென்மையான ரப்பரோ பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அழுந்திப் பற்றிக்கொள்ளும். அதிலுள்ள வரிப்பள்ளங்கள் வழியாக நீரும் சேறும் வெளியேறும்.

ஆகவே, கடையில் வாங்கும்போது காலணியைத் திருப்பி அடிப்பகுதியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றே அழுந்த வேண்டும். பிளாஸ்டிக்கைப் போல் விறைத்து நின்றால் வேண்டாம். பள்ளங்கள் ஆழமாகவும் பல திசைகளில் அமைந்தும் இருக்கட்டும். தேய்ந்துபோன பழைய காலணி, எவ்வளவு பழகியதானாலும், ஓடைக்கு உதவாது.

வீட்டில் அணியும் ஹவாய் செருப்பு மலைக்கு ஏற்றதன்று. ஈரத்தில் பாதம் அதற்குள்ளேயே நழுவும். நீரோட்டம் அதை இழுத்துச் சென்றுவிடும். தோல் காலணி நீரில் ஊறிக் கனத்துத் தளர்ந்துவிடும். கணுக்கால் வரை மூடும் கனத்த பூட்ஸுக்குள் மேல்வழியாக நீர் புகுந்தால் எளிதில் வெளியேறாது. குதிகாலைச் சுற்றிப் பட்டையுள்ளதும், விரல் நுனிகளை மூடிக் காப்பதும், நீர் வடியப் பக்கவாட்டில் திறப்புள்ளதுமான ரப்பர் அடிச் சாண்டலே மூத்தோருக்கு ஏற்றது. குனிய இயலாதவர்கள் ஒட்டுப்பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கலாம்.

மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது அளவு பார்த்து வாங்குவது நன்று. இறங்கும்போது விரல்கள் முன்புறம் இடிக்காதபடி சிறிது இடம் இருக்கட்டும். புதிய காலணியோடு நேரே மலையேற வேண்டாம். ஒரு வாரமாவது அணிந்து நடந்து பழகுங்கள்.

ஓடையைக் கண்டதும் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவது நம்மில் பலருக்கு வழக்கம். காலணி மிகவும் தேவைப்படும் இடமே அதுதான். கழற்றினால் பாதம் காப்பை இழக்கிறது. தடியூன்ற வேண்டிய கையும் சுமை ஏற்கிறது. அணிந்தபடியே, நீர் வரும் திசையை நோக்கி நின்று, மூங்கில் தடியை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகருங்கள். பச்சையாகவோ கறுத்தோ பளபளக்கும் பாறையைத் தவிர்த்து, சரளைக் கற்களின் மீது கால் வையுங்கள். அடர்ந்த பாசியில் எந்தக் காலணியும் நிற்காது. அங்கே உடன் வருவோரின் கையைப் பற்றுவதில் நாணம் வேண்டா.

வெறுங்காலோடு ஏறுவதாக வேண்டிக்கொண்டவர்களும் உண்டு. அந்த நேர்த்தியை எவரும் குறைத்துப் பேசலாகாது. ஆனால் நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தின் உணர்ச்சி குன்றியிருக்கக் கூடும். கல் கிழித்தாலும் தெரியாது, புண்ணும் எளிதில் ஆறாது. அவர்கள் திருநாவுக்கரசரை நினைக்க வேண்டும். கயிலையைக் காண நடந்து, தவழ்ந்து, உடல் தேய்ந்த அப்பரடிகளை மேலும் வருந்த விடாமல் இறைவனே தடுத்தார். பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றிலேயே கயிலைக் காட்சியை அருளினார். அடியவரின் உடல் சிதைவதை அவர் விரும்பவில்லை.

நல்ல காலணியும் வெள்ளத்துக்கு ஈடாகாது. 2015 மே மாதம் சதுரகிரி ஓடைகளில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே நீர் பெருகி வரும். நீர் கலங்கினாலோ, முழங்காலுக்கு மேல் ஓடினாலோ இறங்காதீர்கள். வனத்துறை தடை விதித்த நாளில் தாணிப்பாறையிலிருந்தே மலையை நோக்கி வணங்கித் திரும்புவதில் பக்திக்குக் குறைவில்லை.

கோயிலை நெருங்கியதும் காலணியைக் கழற்றிப் பையில் இட்டு, பாதங்களைக் கழுவி, வெட்டோ புண்ணோ உண்டா என்று பார்த்துக்கொண்டு தரிசனத்துக்குச் செல்லுங்கள். வீடு திரும்பியதும் சேற்றைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயில் பட்டால் ரப்பர் இறுகும், ஒட்டும் விட்டுப்போகும். அடுத்த அமாவாசைக்குப் புறப்படுமுன் அடிப்பகுதியை மறுபடியும் நகத்தால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.