கரைக்குக் கீழேயும் பாருங்கள்

பெற்றோரும் சேர்ந்து வரும் களப்பயணத்திற்கு வேடந்தாங்கலையே பரிந்துரைப்பேன். ஏரிக்கரை ஏற்றமில்லாத பாதை. முதல் வகுப்புக் குழந்தையும் பாட்டியும் சேர்ந்தே நடக்கலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மாலை 4 மணிக்குமேல் பறவைகள் கூட்டமாகத் திரும்பும்.

பெயர்ப் பட்டியலை முதலில் கொடுக்காதீர்கள்; அலகைக் கவனிக்கச் சொல்லுங்கள். நத்தைகுத்தி நாரையைக் கண்டு, "சார், அதுக்கு வாய் மூடாதா?" என்றாள் என் மாணவி ஒருத்தி. அந்த அலகிடைவெளி நத்தையைப் பிடிக்க உதவும்.

பலர் இத்துடன் திரும்பிவிடுகிறார்கள். கரைக்குக் கீழுள்ள வயல்களையும் காட்டுங்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரம். அதனால்தான் ஊர்மக்கள் வேட்டையைத் தடுத்து, 1798இலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் பாதுகாப்பு ஆணை பெற்றனர். தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வயலில் நிற்கும் விவசாயியிடம், யூரியா எவ்வளவு போடுகிறார் என்று பிள்ளைகளே கேட்கட்டும்.